வாசகர் கேள்வி – பதில்: யோர்க் நகரத்தின் ஊர்ச்செய்திகள்

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யோர்க் நகரத்து மதிற்சுவர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். 1800ஆம் ஆண்டில் அந்நகர சபையே சுவர்களை இடிப்பதற்குப் பாராளுமன்றத்திடம் அனுமதி கேட்டதையும், அவ்வூரிலே பிறந்த ஓவியர் வில்லியம் எற்றி போன்றவர்கள் பிற்காலத்தில் விடாது வாதாடியதால் சுவர்களின் பெரும்பகுதி தப்பியதையும் அதில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஓர் ஊரின் மக்கள் தங்கள் ஊரில் நடப்பதை எப்படி அறிந்துகொள்கிறார்கள், அறிந்ததை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் கேள்வி. ஆகையால் இவ்விதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை: யோர்க் நகரம் எவ்வளவு பழைமையானது? என் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லக்கூடிய அளவில் சுருக்கமாக எழுதுவீர்களா?

ஊஸ், பொஸ் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கி.பி. 71ஆம் ஆண்டளவில் உரோமப் படையினர் ஒரு கோட்டையை அமைத்தார்கள். அதுவே நகரத்தின் தொடக்கம். 306இல் கொன்ஸ்தந்தைனை அவனுடைய படைவீரர்கள் பேரரசனாக அறிவித்தது இந்த ஊரிலேதான். 866இல் வைக்கிங்குகள் நகரத்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த வீடுகள், பட்டறைகள், செருப்புகள் முதலியவை கொப்பர்கேற் என்ற தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழ்வில் வெளிப்பட்டன. 13ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய இன்றைய பேராலயம் 1472இல்தான் முழுமை பெற்றது. சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து, 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2,02,800 பேர் அங்கே வாழ்கிறார்கள். நீரால் சூழப்பட்ட புளியந்தீவில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஏன் கோட்டை கட்டினார்கள் என்று உங்கள் மாணவர்கள் யோசித்திருந்தால், இரண்டு ஆறுகளுக்கு நடுவே உரோமர் இடம் பிடித்த காரணமும் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஒருவர்: எங்கள் வீட்டுக்கு வரும் நாளிதழ்களில் கொழும்பு அரசியலும் வெளிநாட்டுச் செய்தியுமே நிறைந்திருக்கின்றன, நம் ஊர்ச் செய்தி ஓர் ஓரத்தில் நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. யோர்க் போன்ற ஊருக்குத் தனியே ஒரு பத்திரிகை உண்டா? அதில் அப்படி என்னதான் எழுதுகிறார்கள்?

உண்டு, ஐயா. அந்நகரில் முதலாவது பத்திரிகை 1719இலேயே அச்சாகிவிட்டது. இப்போது வெளிவரும் நாளிதழ் 1882இல் மாலைப் பத்திரிகையாகத் தொடங்கி, இன்று ‘த பிரஸ்’ என்ற பெயரில் வருகிறது. 1983 முதல் பிபிசியின் உள்ளூர் வானொலி ஒன்றும் அங்கே இயங்குகிறது.

அப்பத்திரிகையை வெளியூர்க்காரர் ஒருவர் விரித்துப் பார்த்தால், இதையெல்லாமா அச்சடிப்பார்கள் என்றுதான் முதலில் நினைப்பார். எந்த வீதி எந்த நாள்களில் மூடப்படும், எந்தப் பேருந்துச் சேவை நிறுத்தப்படவிருக்கிறது, குப்பை எடுக்கும் நாள் எப்படி மாறுகிறது, ஊஸ் ஆற்றின் நீர்மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது, ஒரு முதியோர் இல்லத்தைப் பரிசோதித்த அரச அதிகாரிகள் என்ன குறை கண்டார்கள், நீதவான் நீதிமன்றத்தில் யாருக்கு என்ன தண்டம் விதிக்கப்பட்டது, எந்தப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் வென்றது, யார் காலமானார், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த வகுப்பில் படித்த பிள்ளைகளை அடையாளம் தெரிகிறதா என்று இப்படியே பக்கங்கள் நிறையும். ஆனால் அவ்வூரில் குடியிருப்பவருக்கு லண்டனில் அமைச்சர் பேசிய பேச்சைவிடத் தம் பிள்ளை ஏறும் பேருந்து நிற்கப்போகிறது என்ற செய்தி பெரியது. அதைச் சரியாகவும் நேரத்தோடும் எழுதுபவரை ஊர் நம்பும். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் அதே பத்திரிகை ஒரு நாள் சபையின் செலவுக் கணக்கைக் கேள்வி கேட்கும்போது மக்கள் அதற்குக் காதுகொடுக்கிறார்கள்.

நமக்கும் ஊர்ச்செய்தி இல்லாமலில்லை. கோயில் ஒலிபெருக்கியும், பள்ளிவாசல் அறிவித்தலும், ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டியும், சந்தியில் தொங்கும் மரண அறிவித்தல் பதாகையும், இப்போது வாட்ஸ்அப் குழுக்களும் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. நடந்து முடிந்ததையும் நடக்கவிருக்கும் திருவிழாவையும் அவை விரைவாகச் சொல்லிவிடுகின்றன. ஒரு வடிகானைக் கட்ட யார் தீர்மானித்தார்கள், எவ்வளவு செலவானது, ஏன் அது பாதியில் நிற்கிறது என்பதை அவை சொல்வதில்லை. அதற்கு ஒருவர் சபைக் கூட்டத்தில் அமர்ந்திருந்து குறிப்பெடுக்க வேண்டும். பின்னர் அதிகாரியைச் சந்தித்துக் கேட்டு, எழுதியதைச் சரிபார்க்கவும் வேண்டும். இந்த வேலைக்கு ஊதியம் கொடுக்க ஆளில்லாததே நம் குறை என்று நான் கருதுகிறேன்.

அங்கும் இந்த வேலை சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. வீட்டு விற்பனை விளம்பரமும் வேலைவாய்ப்பு விளம்பரமும் இணையத்துக்குப் போனபின் இங்கிலாந்தின் உள்ளூர்ப் பத்திரிகைகள் பலவற்றில் நிருபர்கள் குறைந்துவிட்டார்கள். பல ஊர்களில் பத்திரிகையே நின்றுபோனது. சபைக் கூட்டங்களுக்குச் செல்ல ஆளில்லாத நிலை வந்தபோது, தொலைக்காட்சி பார்க்கும் வீடுகள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, உள்ளூர்ச் சபைகளைப் பற்றி மட்டும் எழுதும் நிருபர்களுக்குப் பிபிசி ஊதியம் வழங்கத் தொடங்கியது. அவர்கள் உள்ளூர்ப் பத்திரிகைகளில் பணியாற்றுகிறார்கள். எழுதும் செய்தியைத் திட்டத்தில் சேர்ந்த ஊடகங்கள் அனைத்தும் பயன்படுத்தலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு காலத்தில் ஒரு செய்தியறை முழுவதும் செய்த வேலையை ஓரிருவர் தோளில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் வீதியில் ஒரு கட்டடம் எழும்பியபின்தான் அதற்கு அனுமதி கொடுக்கப்பட்டது எங்களுக்குத் தெரியவந்தது. அங்கே முன்கூட்டியே தெரிவிப்பார்களா? சாதாரண மக்கள் சொன்னால் சபை கேட்குமா?

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருவர் கட்டடத்துக்கு விண்ணப்பித்தால், பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் அனுப்புவார்கள், அல்லது அந்த இடத்துக்கு அருகிலுள்ள மின்கம்பத்திலோ மதிலிலோ அறிவித்தலை ஒட்டுவார்கள். வரைபடங்களை யாரும் பார்க்கலாம். கருத்துத் தெரிவிப்பதற்குப் பொதுவாக 21 நாள்கள் உண்டு. கருத்துச் சொல்பவருடைய பணமோ பதவியோ அங்கே கேட்கப்படுவதில்லை. எழுதியது கோப்பில் சேர்க்கப்பட்டு, தீர்மானிக்கும்போது கருத்தில் எடுக்கப்படும். பெரிய விண்ணப்பங்கள் குழுவின் முன் வரும்போது ஊர்மக்கள் சில நிமிடங்கள் எழுந்து பேசவும் முடியும். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் மேன்முறையீடு செய்யலாம், அனுமதி கொடுக்கப்பட்டால் பக்கத்து வீட்டாருக்கு அந்த வழி கிடையாது. நீதிமன்றத்துக்குப் போவதொன்றே மிச்சம், அதற்கான செலவோ பெரியது.

சபைக் கூட்டங்களின் கதவு இயல்பாகவே திறந்துவிடவில்லை என்பதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. 1950களின் இறுதியில் சில சபைகள் பத்திரிகையாளரைக் கூட்டத்திலிருந்து விலக்கின. அப்போது புதிதாகப் பாராளுமன்றம் வந்திருந்த மார்கரெட் தட்சர் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்த சட்டமூலம் 1960இல் சட்டமாகி, பொதுமக்களும் பத்திரிகையாளரும் கூட்டங்களுக்கு வரும் உரிமையை உறுதிசெய்தது. 1972இல் இன்னொரு சட்டம் அந்த உரிமையைச் சபைகளின் குழுக் கூட்டங்களுக்கும் நீட்டியது. 2014 முதல், கூட்டத்தை யார் வேண்டுமானாலும் தம் கைபேசியில் ஒளிப்பதிவு செய்யலாம்.

மக்கள் சொன்னால் கேட்பார்களா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. 1970களின் தொடக்கத்தில், மதிற்சுவரை ஒட்டி ஒரு பெரிய சுற்றுவீதி அமைக்க யோர்க் சபை முனைந்தபோது, நூற்றுக்கணக்கான வீடுகள் இடிபடும் என்று கண்ட ஊரவர்கள் ஒன்றுகூடி, பகிரங்க விசாரணையில் வாதாடி அதைத் தடுத்தார்கள். கிளிபர்ட்ஸ் கோபுரம் என்ற பழைய கோட்டைக் கோபுரத்தின் அருகே எழவிருந்த கடைத்தொகுதிக்கும் இதே போன்ற எதிர்ப்பு வந்தது. 2003இல் மத்திய அமைச்சர் அத்திட்டத்தை நிராகரித்தார்.

அண்மைக் காலத்து நிகழ்வு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்வது உங்களுக்குப் பயன்படும். மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே நீல நிற அட்டை ஒன்று வழங்கப்படுகிறது. அதை வைத்திருப்பவர்கள் நகரின் நடுவிலுள்ள, மற்ற வாகனங்கள் புக முடியாத தெருக்களுக்குள்ளும் தங்கள் வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்த முடிந்தது. கொரோனாக் காலத்தில் அந்த வசதி நிறுத்தப்பட்டது. பின்னர், வாகனத்தை மோதி நடத்தும் பயங்கரவாதத் தாக்குதல்களிலிருந்து நகரத்தைக் காக்க வேண்டும் என்ற காரணத்தையும் காட்டி, 2021 நவம்பரில் சபையின் நிர்வாகக் குழு அந்தத் தடையை நிரந்தரமாக்கியது. சக்கர நாற்காலியில் வருபவர்களும் சில அடி தூரம்தான் நடக்க முடிந்தவர்களும் வங்கிக்கோ மருந்துக் கடைக்கோ தனியே போக முடியாமற்போனது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. சபையில் எழுந்து பேசினார்கள், மனுக் கொடுத்தார்கள், தங்கள் ஒவ்வொரு நாளும் எப்படிக் கழிகிறது என்று பத்திரிகைக்கும் வானொலிக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2023 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் இது ஒரு முக்கிய விவாதமாயிற்று, ஆட்சி மாறியது, 2024 ஜனவரியில் அவர்களுக்கு நகர நடுவில் மீண்டும் இடம் கிடைத்தது. அதற்கு இரண்டாண்டுக்கு மேல் எடுத்தது. இடையில் செய்தி நின்றுபோயிருந்தால் அந்தக் கோரிக்கையும் மறந்துபோயிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

வவுணதீவிலிருந்து ஒரு விவசாயி: இரண்டு ஆறுகள் கூடும் ஊர் என்றால் அங்கே வெள்ளம் வராதா?

வருகிறது, அடிக்கடி வருகிறது. வடமேற்கு மலைப்பகுதியில் பெய்யும் மழை ஊஸ் ஆற்றில் இறங்கி யோர்க்கை வந்தடைய, ஆற்றங்கரைக் கடைகளும் நடைபாதைகளும் நீரில் மூழ்குவது குளிர்கால வழக்கம். ஊஸ் பெருகும்போது அதன் நீர் சிறிய ஆறான பொஸ்ஸுக்குள் பின்னோக்கி ஏறிவிடும். அதைத் தடுப்பதற்காக 1980களின் பிற்பகுதியில் ஒரு பெரிய கதவை அமைத்தார்கள். கதவை இறக்கிய பிறகு, பொஸ் ஆற்றின் சொந்த நீரைப் பம்பிகள் இறைத்து ஊஸில் விட வேண்டும். 2015 டிசம்பர் 26ஆம் தேதி, பம்பிகளை இயக்கும் கட்டடத்துக்குள்ளேயே நீர் புகுந்தது. மின்சாரம் செயலிழந்தால் கதவை இறக்கிய நிலையிலேயே விட நேரும் என்று அஞ்சி, அதிகாரிகள் கதவை உயர்த்தினார்கள். முன்பு வெள்ளத்தைக் கண்டிராத பல வீடுகளுக்குள்ளும் நீர் வந்தது. தொலைபேசி நிலையமும் மூழ்கியதால் பலருக்கு உதவி கேட்டு அழைக்கவும் வழியிருக்கவில்லை.

நமக்கு 26 டிசம்பர் என்றாலே 2004தான். கல்லடியிலும் நாவலடியிலும் திருக்கோவிலிலும் கடல் கொண்டுபோன உயிர்களுக்கு முன்னால் யோர்க்கின் இழப்பை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. நான் கவனித்தது அதற்குப் பிறகு நடந்ததை. கதவை உயர்த்தும் முடிவை யார், எத்தனை மணிக்கு எடுத்தார்கள், மக்களுக்கு ஏன் நேரத்தோடு சொல்லவில்லை, பம்பிகளின் கட்டுப்பாட்டு அறை ஏன் அவ்வளவு தாழ்வாக இருந்தது என்ற கேள்விகள் வாரக்கணக்காக உள்ளூர்ச் செய்தியில் எழுந்தன. சுயாதீனமான விசாரணை ஒன்று நடந்தது. மின்சாரக் கருவிகள் உயரத்துக்கு மாற்றப்பட்டு, வலிமை கூடிய பம்பிகள் பொருத்தப்பட்டன.

வாவி நீர் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டுவதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வயல் மூழ்குகிறது, உடனே வெட்டுங்கள் என்று விவசாயி கேட்பார். வாவி நீர் அளவுக்கு மீறி வடிந்தால் இறாலும் மீனும் போய்விடும் என்று மீனவர் தயங்குவார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எந்த நீர்மட்டத்தில், யாருடைய தீர்மானத்தில், எந்த நேரத்தில் வெட்டப்பட்டது என்பதை ஒவ்வோர் ஆண்டும் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால், அடுத்த மாரியில் வாக்குவாதம் பாதியாகக் குறையும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

கன்னன்குடாவிலிருந்து ஓர் இளைஞர்: கூத்தைப் பழக்கும் அண்ணாவியார், ஆடும் களரி, ஊர்கூடிப் பார்க்கும் கூத்து என்று நமக்கு ஒரு மரபு இருப்பதுபோல அவ்வூர் மக்களுக்கும் சொந்தமாக ஏதும் உண்டா?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். யோர்க்கில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு நாடக மரபு இருக்கிறது. உலகம் படைக்கப்பட்டது முதல் இறுதித் தீர்ப்பு வரையுள்ள விவிலியக் கதையை 48 சிறு நாடகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தொழிற்குழுவின் பொறுப்பில் விட்டார்கள். நோவா பேழை கட்டும் கதையை மரக்கலம் செய்பவர்கள் ஆடினார்கள். இயேசு சீடரோடு உண்ட கடைசி விருந்தை வெதுப்பகத்தார் ஆடினார்கள். சிலுவையில் அறையும் காட்சியை ஆணி, ஊசி செய்பவர்கள் ஏற்றார்கள். சக்கரம் பூட்டிய மேடை வண்டிகளை அவர்களே தள்ளிக்கொண்டு நகரத்துக்குள் போனார்கள். குறித்த இடங்களில் நிறுத்தி ஆடிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். விடியற்காலையில் தொடங்கினால் முடிவதற்கு இரவாகிவிடும். விடிய விடிய ஆடும் நம் கூத்தை அவர்கள் பகலில் ஆடினார்கள் என்று சொல்லலாம். பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்க, கதை அவரைத் தேடி வண்டியேறி வந்தது என்பதுதான் நம் வட்டக்களரிக்கும் அதற்கும் உள்ள பெரிய வேறுபாடு.

சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த ஆட்சியாளர்களுக்கு இந்நாடகங்கள் பிடிக்கவில்லை. 1569க்குப் பிறகு ஆட்டம் நின்றது. ஆனால் 15ஆம் நூற்றாண்டில் நகரசபைக்காக எழுதி வைத்த ஏடு அழியாமல் இருந்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, 1951இல், இடிந்துபோன ஒரு மடாலயத்தின் முற்றத்தில் அந்த ஏட்டைக் கொண்டே மீண்டும் ஆடினார்கள். அவ்வூரில் பிறந்த ஜூடி டென்ச், பிற்காலத்தில் உலகம் அறிந்த நடிகை, சிறு வயதில் அந்த ஆட்டத்தில் வானதூதராக நின்றவர். அண்மைக் காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொழிற்குழுக்களும் ஊர்ச் சங்கங்களும் வண்டிகளைத் தெருவுக்குக் கொண்டுவருகின்றன. முன்னணி வேடம் ஒன்றிரண்டைத் தொழில்முறை நடிகர் ஏற்ற ஆண்டுகள் உண்டென்றாலும், உடை தைப்பதும் வண்டி தள்ளுவதும் பாடுவதும் ஆசிரியரும் தாதியரும் கடைக்காரரும் ஓய்வூதியம் பெறுவோருந்தான்.

கூத்தில் ஆடுவோருக்கு அவரவர் பாடத்தை வழங்கும் ‘சட்டம் கொடுப்பது’ முதல் சதங்கை அணிவது, அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் ஓர் ஊரே எப்படி இயங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரின் வடமோடி, தென்மோடிக் கூத்துக் கொப்பிகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன, எந்த ஆண்டில் எந்தக் கூத்து யாருடைய அண்ணாவியத்தில் ஏறியது என்பதைத் தயவுசெய்து இப்போதே எழுதத் தொடங்குங்கள். ஏடு இருந்ததனாலேதான் நானூறு ஆண்டு இடைவெளியை யோர்க் மக்களால் தாண்ட முடிந்தது.

ஏறாவூரிலிருந்து ஒரு வாசகி: பழைய நகரங்களுக்குப் பெருமையான வரலாறு மட்டுமா இருக்கும்? துயரமான சம்பவங்களை அவர்கள் எப்படி நினைவுகொள்கிறார்கள்?

1190 மார்ச் 16ஆம் தேதி இரவு, ஏறத்தாழ 150 யூதர்கள், குழந்தைகளோடும் முதியவர்களோடும், கூட்டத்தின் வெறிக்கு அஞ்சி யோர்க் கோட்டைக் கோபுரத்துக்குள் ஒளிந்திருந்தார்கள். வெளியே வந்தால் கொலை அல்லது கட்டாய மதமாற்றம் என்ற நிலையில் பெரும்பாலானோர் உள்ளேயே தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உயிரோடு வெளியே வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கலவரத்தை நடத்தியவர்களில் சிலர் யூதர்களிடம் கடன் வாங்கியிருந்தவர்கள். பேராலயத்தில் வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை அவர்கள் தேடிப்போய் எரித்தார்கள் என்பது, வெறுப்புக்குப் பின்னால் கணக்கும் இருந்தது என்பதைக் காட்டுகிறது.

நெடுங்காலம், கோபுரம் நின்ற அந்த மேட்டில் இதைச் சொல்லும் ஒரு கல்கூட இருக்கவில்லை. 1978இல்தான் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. பின்னர் மேட்டின் சரிவில் டஃபோடில் செடிகளை நட்டார்கள். அதன் மலருக்கு ஆறு இதழ்கள், யூதரின் விண்மீனுக்கு ஆறு முனைகள். அண்மையில் அங்கே ஒரு சிறிய யூத சமூகம் மீண்டும் உருவாகி, 1290இல் யூதர்கள் இங்கிலாந்திலிருந்து வெளியேற்றப்பட்ட பின் முதன்முறையாகத் தமக்கென ரபி என்னும் மதகுரு ஒருவரையும் பெற்றிருக்கிறது. 2017இல் அந்நகரம் தன்னை மனித உரிமை நகரமாக அறிவித்தபோது, 1190ஐப் பேசாமல் அதை அறிவிக்க முடியாது என்பதை ஊரவர் பலர் உணர்ந்திருந்தார்கள்.

உங்கள் கேள்வியின் பின்னாலுள்ளது எனக்குப் புரிகிறது. நம் மாவட்டங்களில் தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் கிராமங்களிலும் இழந்தவர்களின் நினைவு நாளில் அழும் குடும்பங்கள் உண்டு. ஒரு பக்கத்தாரின் நினைவு நாளில் மறு பக்கத்தார் போய் நிற்பது இன்னும் அரிதாகவே இருக்கிறது. அங்கே பலகை வைக்க எழுநூற்று எண்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. பெயர் தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே நம்மால் அதைச் செய்ய முடியும்.

கல்முனையிலிருந்து ஓர் உயர்தர மாணவர்: கிட்கட் அந்த ஊரில்தான் பிறந்ததாமே?

ஆம். ரவுன்ட்ரீ நிறுவனம் 1935இல் அதை வேறொரு பெயரில் விற்கத் தொடங்கி, இரண்டாண்டில் இன்றைய பெயருக்கு மாற்றியது. 1988இல் நெஸ்லே அந்நிறுவனத்தை வாங்கிவிட்டது. ஆனால் பொருளியல் படிக்கும் நீங்கள் அறிய வேண்டியது அக்குடும்பத்தின் இன்னொரு வேலையை. தொழிலதிபர் ஜோசப் ரவுன்ட்ரீயின் மகன் சீபோம், 1899இல் யோர்க்கின் தொழிலாளர் வீடுகள் அனைத்தையும் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். நகர மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் வறுமையில் இருந்தார்கள். குடித்துச் செலவழிப்பதால்தான் ஏழைகள் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று வசதி படைத்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சதத்தையும் வீணாக்காதவருக்கும் அந்தக் கூலி உணவுக்கே போதாது என்பதைப் பல குடும்பங்களின் வரவுசெலவைக் கொண்டு அவர் காட்டினார். குழந்தைப் பருவம், பிள்ளைகளை வளர்க்கும் பருவம், முதுமை என்று ஒரு தொழிலாளி வாழ்வில் மூன்று முறை வறுமைக்குள் விழுகிறான் என்பதும் அவர் கண்டது. அந்தக் கணக்கு 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வருவதற்குத் துணைபுரிந்தவற்றுள் ஒன்று.

சித்தாண்டியிலிருந்து ஒரு பண்ணையாளர்: மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காக நாங்கள் வீதியில் இருந்ததை அறிவீர்கள். அந்த ஊரில் மாடு மேய்க்க நிலம் விட்டிருக்கிறார்களா?

விட்டிருக்கிறார்கள். யோர்க்கைச் சுற்றி நான்கு பெரிய மேய்ச்சல்வெளிகள் உள்ளன. நகரத்தின் உரிமைபெற்ற குடிகள் தம் கால்நடைகளை அங்கே மேய்க்கும் உரிமை இடைக்காலத்திலிருந்தே வந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்களுக்கு வேலியடித்துத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தபோது, அந்த உரிமைக்கு ஈடாகக் குறித்த நிலங்கள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. மேய்ச்சலைக் கண்காணிக்கத் தனிப் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் அந்நிலங்கள் நகரசபையிடம் வந்தன, ஆனால் எல்லோருக்குமான திறந்தவெளியாக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவற்றுள் ஒன்றில் 1731 முதல் குதிரைப் பந்தயம் நடக்கிறது. வேறு சிலவற்றில் கோடைகாலத்தில் இன்றும் மாடுகள் மேய்கின்றன, மக்கள் அவற்றுக்கிடையே நடந்து போகிறார்கள். எல்லை எது, உரிமை யாருடையது, எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் இருந்தபடியால், வீடு கட்ட நிலத்துக்கு அலையும் இந்தக் காலத்திலும் அந்த வெளிகளைக் கூறுபோட முடியவில்லை. உங்கள் கோரிக்கையிலும் எல்லையை அளந்து வர்த்தமானியில் அறிவிக்கச் செய்வதே முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய பிடி என்பது என் கருத்து.

காரைதீவிலிருந்து மாணவர்கள் சிலர்: எங்கள் ஊருக்கென மாதம் ஒரு செய்தி மடல் வெளியிட விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?

முதல் இதழிலேயே கவிதைகளையும் வாழ்த்துச் செய்திகளையும் நிரப்பிவிடாதீர்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை நம் உள்ளூராட்சி சபைகள் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லாமலே இயங்கின. அக்காலத்தில் உங்கள் ஊரில் செய்யப்பட்ட வேலைகளைப் பற்றி எழுதுங்கள். ஒரு வீதியை, ஒரு வடிகானை, ஒரு விளையாட்டு மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தம் யாருக்கு, முடிக்க வேண்டிய தேதி எது என்று கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். கோரிக்கையைத் தமிழிலேயே எழுதலாம்; விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை; எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. பெற்றுக்கொண்டதற்கான எழுத்து மூலச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாள்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. பதில் வந்ததும், அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் இரண்டு பேர் தனித்தனியே சரிபார்த்த பின்னரே அச்சுக்குக் கொடுங்கள். சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தையும் கேட்டு அதே பக்கத்தில் போடுங்கள். முதல் மடலின் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பி வையுங்கள்; அடுத்த இதழில் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றி எழுதுகிறேன்.